இடத்தையும் நேரத்தையும் விற்பவர்கள் – விளம்பர விற்பனை வேலை பற்றி அதில் இருப்போர் சொல்வது

"பையன் என்ன பண்றான்?" என்று கேட்டால், "மீடியாவில் இருக்கிறான்" என்று பெற்றோர் பெருமையோடு சொல்வதை நம் சங்க விழாக்களில் அடிக்கடி கேட்கிறேன். கேட்பவர் உடனே டி.வி.யில் செய்தி வாசிக்கும் முகத்தையோ, பத்திரிகையில் வரும் பெயரையோ நினைத்துக் கொள்கிறார். கொஞ்சம் துருவிக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். பையன் எழுதுவதும் இல்லை, வாசிப்பதும் இல்லை. விளம்பரம் விற்கிறான்.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நானே மும்பையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் இந்த வேலையைப் பற்றி வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிந்தது மிகக் குறைவு. சமீப காலமாக "இந்தக் கம்பெனியில் சேரலாமா அங்கிள்?" என்று கேட்டு வரும் இளைஞர்கள் அதிகமாகி விட்டார்கள். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி வந்ததை மலர் வாசகர்களுக்காக இங்கே தொகுத்துத் தருகிறேன். என் அனுபவத்தோடு, என்னுடன் வேலை பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டதும் இதில் உண்டு.

விற்கும் சரக்கு எது?

இந்தியாவின் முதல் செய்தித்தாளான ஹிக்கியின் பெங்கால் கெசட் 1780 ஜனவரி 29 அன்று கல்கத்தாவில் வெளிவந்தது. அதிலேயே விளம்பரங்கள் இருந்தன. ஆக, செய்தி விற்பனையும் விளம்பர விற்பனையும் நம் நாட்டில் ஒரே வயதுடைய தொழில்கள். சென்னை 'இந்து' நாளிதழின் முதல் பக்கத்தில் 1958 வரைக்கும் செய்தி கிடையாது, விளம்பரம்தான். அகில இந்திய வானொலி 1967-ல் விவித் பாரதியில் விளம்பரத்தை அனுமதித்தது. தூர்தர்ஷனில் 1976 ஜனவரி முதல் விளம்பரம் வரத் தொடங்கியது. 1990களில் தனியார் சேனல்கள் வந்த பிறகு இந்தத் தொழில் பல மடங்கு பெருகியது.

பத்திரிகையில் விற்பது இடம். முன்பு காலம் சென்டிமீட்டர் என்று அளந்தார்கள், இப்போது பெரும்பாலும் சதுர சென்டிமீட்டர். டி.வி.யிலும் வானொலியிலும் விற்பது நேரம். அங்கே பத்து விநாடிக்கு இவ்வளவு என்று விலை. சாலை ஓரத்துப் பலகை என்றால் மாத வாடகை.

இந்தச் சரக்குக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. இதைக் கிடங்கில் வைத்து நாளைக்கு விற்க முடியாது. தாதர் மார்க்கெட் பூக்காரர்கூட மாலையில் விலையைக் குறைத்தாவது மிச்சத்தைத் தள்ளி விடுவார். எங்களுக்கு அதுவும் இல்லை. கேபிள் டி.வி. விதிகளின்படி ஒரு மணி நேரத்தில் 12 நிமிடம் வரைதான் விளம்பரம் போடலாம். அதில் 10 நிமிடம் பிறருடைய விளம்பரம், 2 நிமிடம் சேனலின் சொந்த விளம்பரம். பத்து நிமிடம் என்றால் அறுபது பத்து விநாடிகள். ஒரு நாளைக்கு 1,440. இரவு எட்டே முக்காலுக்குப் போக வேண்டிய பத்து விநாடி விற்கவில்லை என்றால் அது போனது போனதுதான். மறுநாள் பத்திரிகையில் நேற்றைய அரைப் பக்கத்தை யார் வாங்குவார்?

இந்த வேலையில் உள்ள அவசரம், மாதக் கடைசிப் பதற்றம், மேலதிகாரியின் கோபம் எல்லாவற்றுக்கும் வேர் இங்கே இருக்கிறது.

மும்பையும் தமிழரும்

மதுரையில் அச்சாகும் பத்திரிகைக்கு மும்பையில் என்ன வேலை என்று கேட்கலாம். சோப்பு, பற்பசை, பெயிண்ட், பிஸ்கட் கம்பெனிகள் பலவற்றின் தலைமை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அவர்களுக்கு விளம்பரம் தயாரிக்கும் பெரிய ஏஜென்சிகளும் இங்கேதான். முன்பு கோட்டை, சர்ச்கேட், நரிமன் பாயிண்ட் பக்கம் இருந்தவை பிறகு லோயர் பரேல், அந்தேரி, கோரேகாவ் என்று வடக்கே நகர்ந்தன. தமிழ்நாட்டில் எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு பணம் என்பது பெரும்பாலும் இங்கே உள்ள மேசைகளில்தான் முடிவாகிறது.

ஆகவே தமிழ் நாளிதழ்களும் வார இதழ்களும் பின்னால் சேனல்களும் மும்பையில் கிளை வைத்தன. கிளை வைக்க வசதியில்லாத சிறு பத்திரிகைகள் ஒரு பிரதிநிதி நிறுவனத்திடம் பொறுப்பை ஒப்படைத்தன. அத்தகைய நிறுவனம் நாலைந்து மொழிப் பத்திரிகைகளின் இடத்தைக் கமிஷன் பேசி விற்கும். மாட்டுங்கா, செம்பூர், தாராவி, டோம்பிவிலி பக்கத்துத் தமிழ்ப் பையன்களுக்கு இவை வேலை வாசலாக அமைந்தன. தமிழ் தெரியும், இந்தி பேசுவார்கள், ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவார்கள். ஈரோட்டுக்கும் திருநெல்வேலிக்கும் உள்ள வித்தியாசத்தை ஏஜென்சிக்காரருக்கு விளக்கவும் தெரியும். வேறென்ன வேண்டும்! நானும் அந்த வாசல் வழியாக 1987-ல் உள்ளே போனவன்தான். அப்போது சம்பளம் 900 ரூபாய், அதோடு ரயில் பாஸ்.

பிடித்தது என்று சொல்வார்கள்

இந்த வேலையைத் திட்டுபவர்கள்கூட அதன் நல்ல பக்கத்தை மறுப்பதில்லை. முதலாவது, சீக்கிரம் பொறுப்பு கிடைக்கும். இருபத்தைந்து வயதுப் பையன் ஒரு பெரிய கம்பெனியின் மார்க்கெட்டிங் மேலாளர் எதிரில் உட்கார்ந்து பேசலாம். வங்கியிலோ தொழிற்சாலையிலோ அந்த நாற்காலிக்குப் பதினைந்து வருஷம் ஆகும்.

இரண்டாவது, தினமும் பத்துத் தொழிலைத் தெரிந்து கொள்ளலாம். காலையில் நகைக்கடை, மத்தியானம் டிராக்டர் கம்பெனி, சாயங்காலம் பல்கலைக்கழகம். ஆடித் தள்ளுபடி எதனால், சோப்பு கம்பெனி மழைக்காலத்தில் ஏன் செலவைக் குறைக்கிறது என்பதெல்லாம் தானாகவே புரியும்.

மூன்றாவது, உழைப்பு கண்ணுக்குத் தெரியும். என் இளைய சகா ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியில் வளர்ந்தவர், தன் முதல் முழுப் பக்க விளம்பரம் வந்த பத்திரிகையை அம்மாவிடம் கொண்டு போய்க் காட்டினாராம். "அண்ணாச்சி, அம்மா அதை மடிச்சு பீரோவுல வச்சிட்டாங்க. அதுல என் பேரு எங்கயும் இல்ல. ஆனாலும் எனக்குத் தெரியும்ல?" என்றார். அந்தத் திருப்தியைச் சம்பளச் சீட்டில் காட்ட முடியாது.

குறை என்று சொல்வார்கள்

முதல் குறை டார்கெட். டார்கெட் இல்லாமல் விற்பனை இல்லை, அதை யாரும் ஆட்சேபிக்கவில்லை. அது எப்படிப் போடப்படுகிறது என்பதில்தான் மனக்கசப்பு. பெரும்பாலான இடங்களில் போன வருஷத்துக் கணக்கோடு ஒரு சதவீதம் கூட்டி எழுதி விடுகிறார்கள். "போன வருஷம் நான் ஓடின ஓட்டமே இந்த வருஷம் என் கால்ல கட்டின கல்லாயிடுச்சு சார்" என்று ஒரு பெண் அலுவலர் சொன்னார். நன்றாக விற்றவருக்குச் சுமை கூடுகிறது, சுமாராக விற்றவர் தப்பிக்கிறார்.

இதில் நாள்காட்டிக் குழப்பம் வேறு. தமிழ்நாட்டில் தீபாவளி 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. ஜவுளி, நகை, பட்டாசு விளம்பரமெல்லாம் பண்டிகைக்கு முந்திய இரண்டு மூன்று வாரத்தில்தான் வரும். 2023 நவம்பர் விற்பனையைப் பார்த்து 2024 நவம்பருக்கு டார்கெட் போட்டால், அந்த மாதம் முழுக்கத் தலைகீழாக நின்றாலும் எட்டாது. இதைத் தெரிந்த மேலாளர் இரண்டு மாதத்தையும் சேர்த்துப் பார்ப்பார். தெரியாதவர் நவம்பர் 30 அன்று கூட்டம் போட்டுத் திட்டுவார். ஊழியர்கள் "நல்ல பாஸ்", "மோசமான பாஸ்" என்று பிரிப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்ன விவரங்களில்தான்.

இரண்டாவது குறை, கையில் இல்லாத விஷயத்துக்குப் பொறுப்பேற்பது. பத்திரிகை எத்தனை விற்கிறது, நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதை விற்பனையாளர் தீர்மானிப்பதில்லை. ஆனால் அந்த எண்ணை நம்பித்தான் அவர் பிழைப்பு. 2020 அக்டோபரில் டி.ஆர்.பி. முறைகேடு வழக்கு மும்பையில் வெடித்தபோது, செய்திச் சேனல்களின் தனித்தனி ரேட்டிங் வெளியிடுவது நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில்தான் மறுபடி வந்தது. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு அந்தச் சேனல்களின் விற்பனையாளர்கள் எண் இல்லாமலே விற்றார்கள். அதே 2020-ல் கொரோனா ஊரடங்கில் விளம்பரம் வற்றியது, பத்திரிகைகள் பக்கத்தைக் குறைத்தன, பல இடங்களில் சம்பளத்தை வெட்டினார்கள், பலருக்கு வேலையே போனது. இப்போது விளம்பரப் பணத்தில் கணிசமான பங்கு இணையத்துக்குப் போய்விட்டது. அங்கே பெரும்பகுதி இயந்திர ஏலத்தில் விலை போகிறது, ஆள் போய் விற்க வேண்டியதில்லை. நாற்பதைத் தாண்டிய விற்பனையாளர்களின் பெரிய கவலை இதுதான்.

மூன்றாவது, மனசாட்சிக் குறை. தேர்தல் சமயத்தில் விளம்பரத்தைச் செய்தி வேஷத்தில் விற்கச் சொல்வது. 2009 தேர்தலுக்குப் பிறகு இது பெரிய சர்ச்சையாகி, 2010-ல் இந்தியப் பிரஸ் கவுன்சில் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. அறிக்கையில் முதலாளிகளும் ஆசிரியர்களும் பேசப்பட்டார்கள். பேரம் பேச அனுப்பப்பட்ட விற்பனைப் பையனை யாரும் கேட்கவில்லை. "எழுதறவங்களுக்காவது மறுக்க ஒரு மரியாதை இருக்கு. நாங்க மறுத்தா டார்கெட் வரலைன்னு எழுதிடுவாங்க" என்று ஒரு நண்பர் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வராத பணம் யார் தலையில்?

இவற்றையெல்லாம் விட முக்கியமான ஒன்று உண்டு. என் கணிப்பில், ஒரு விளம்பர விற்பனை நிறுவனத்தை அதன் ஊழியர்கள் நல்லது என்கிறார்களா கெட்டது என்கிறார்களா என்பதைத் தீர்மானிப்பது சம்பளத் தொகை அல்ல. விற்ற பிறகு பணம் வராமல் போனால் நஷ்டத்தை யார் சுமப்பது என்ற கேள்விதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லட்ச ரூபாய் விளம்பரம். ஏஜென்சிக்கு வழக்கமான 15 சதவீதம் போக 85,000 மிச்சம். பிரதிநிதி நிறுவனத்தின் கமிஷன் 10 சதவீதம் என்று வைத்துக் கொள்வோம். அவர்களுக்கு 8,500. விற்ற பையனுக்கு 2 சதவீதம் இன்சென்டிவ் என்றால் 1,700. விளம்பரம் இன்று வெளிவந்து விட்டது. பணமோ அறுபது, தொண்ணூறு நாள் கழித்துத்தான் வரும். நாம் விற்றது திரும்ப வாங்க முடியாத சரக்கு. பணம் வரவில்லை என்றால் பறிமுதல் செய்ய ஒன்றுமில்லை.

பத்திரிகைக்குப் பணம் பெற்றுத் தரும் பொறுப்பை அந்த நிறுவனம் ஏற்றிருந்தால், ஒரு பாக்கியால் அதற்கு 85,000 நஷ்டம். அதை ஈடு கட்ட அதே அளவு விளம்பரம் இன்னும் பத்து விற்க வேண்டும். இந்தப் பயம் மேலிருந்து கீழே இறங்குகிறது. முதலாளி மேலாளரை நெருக்க, மேலாளர் பையனை நெருக்க, பையன் ஏஜென்சி கணக்குப் பிரிவின் வாசலில் காலை முழுக்க உட்கார்ந்திருக்கிறான். விற்கப் போக வேண்டிய நேரம் வசூலில் கரைகிறது. மாதக் கடைசியில் விற்பனையும் இல்லை, வசூலும் இல்லை.

இதை நிறுவனங்கள் மூன்று விதமாகக் கையாளுகின்றன. முதல் வகை, வசூலுக்குத் தனிப் பிரிவு வைத்து, யாருக்கு எவ்வளவு கடன் என்பதையும் தாங்களே முடிவு செய்யும். விளம்பரம் வெளிவந்தவுடன் இன்சென்டிவ் தந்து விடும். இரண்டாவது வகை, பணம் வந்த பிறகே இன்சென்டிவ் தரும். இது கொஞ்சம் கடினம், ஆனால் நியாயம். மூன்றாவது வகை, கடன் கொடுக்கும் முடிவைத் தானே எடுக்கும், பணம் வராவிட்டால் மட்டும் விற்றவன் கணக்கில் பிடிக்கும். லாபத்தில் கூட்டாளி இல்லை, நஷ்டத்தில் மட்டும் கூட்டாளி.

நான் இரண்டாவதாக வேலை பார்த்த நிறுவனம் இந்த மூன்றாவது வகை. ஒரு பெரிய வாடிக்கையாளருக்குக் கடன் தரலாம் என்று எழுத்தில் அனுமதித்தவர்கள் மேலிடத்தார். அந்த வாடிக்கையாளர் தொழிலை மூடியபோது, எட்டு மாதத்து இன்சென்டிவ் எனக்கு நிறுத்தப்பட்டது. அது என் மூத்த மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம். என் மனைவியின் வளையல்தான் அந்த வருஷம் கட்டணம் கட்டியது. அங்கே என் சம்பளம் முதல் நிறுவனத்தை விட அதிகம்தான். ஆனாலும் முதல் நிறுவனத்தைத்தான் நான் இன்றும் நல்ல இடம் என்று சொல்வேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

பத்திரிகை ஊழியருக்கு 1955-ல் தனிச் சட்டம் வந்தது. பத்திரிகையாளர் அல்லாத ஊழியர்களும் அதில் அடங்கினார்கள். ஆனால் அது செய்தித்தாள் நிறுவனங்களுக்கு மட்டும்தான் பொருந்தியது. டி.வி., வானொலி விற்பனையாளர்களுக்கு அந்தக் குடை இருந்ததில்லை. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து பழைய சட்டங்கள் பலவற்றின் இடத்தைப் பிடித்தன. நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியவை சில:

நியமனக் கடிதம் எழுத்தில் தர வேண்டும். வேலையை விட்டாலோ நீக்கப்பட்டாலோ ஊதியப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும். சட்டம் அனுமதித்த காரணங்களுக்காக மட்டுமே சம்பளத்தில் பிடிக்கலாம், மொத்தப் பிடித்தம் பாதிக்கு மேல் போகக் கூடாது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம், 'ஊதியம்' என்ற சொல்லுக்குள் கமிஷன் சேராது. வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி போன்றவையும் சேரா. இப்படி ஒதுக்கப்பட்டவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கருதப்படும். ஆகவே மாத வருமானத்தில் எவ்வளவு நிலையான சம்பளம், எவ்வளவு கமிஷன் என்று பிரித்துப் பார்ப்பது வெறும் கணக்கு அல்ல. கிராஜுவிட்டி முதலியவையும் அந்த ஊதியத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும்.

கிராஜுவிட்டிக்குப் பொதுவாக ஐந்து ஆண்டு தொடர்ந்த வேலை வேண்டும். எங்கள் தொழிலில் இரண்டு, மூன்று ஆண்டில் கம்பெனி மாறுவது சகஜம். பத்து வருஷம் உழைத்தும் ஒரு ரூபாய் கிராஜுவிட்டி பார்க்காதவர்களை எனக்குத் தெரியும். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு இப்போது ஓராண்டு போதும் என்று புதிய தொகுப்பு சொல்கிறது.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இந்த வேலை அலுவலகத்துக்கு வெளியே நடப்பது. வாடிக்கையாளர் அறை, ஹோட்டல் சந்திப்பு, வெளியூர்ப் பயணம் எல்லாம் உண்டு. 2013-ஆம் ஆண்டுச் சட்டம், வேலை நிமித்தம் போகும் எந்த இடத்தையும் பணியிடம் என்றே கருதுகிறது. வாடிக்கையாளர் இடத்தில் நடந்தாலும் தன் நிறுவனத்தின் புகார்க் குழுவிடம் போகலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் அந்தக் குழு இருந்தாக வேண்டும்.

சேருமுன் கேட்க வேண்டியவை

பெற்றோர் பெரும்பாலும் "சம்பளம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்கிறார்கள். நான் இளைஞர்களிடம் சொல்வது, நேர்முகத்தில் இந்த ஐந்தையும் கேள் என்பதே.

1. டார்கெட்டை யார், எதை வைத்துப் போடுகிறார்கள்? பண்டிகை மாதம் நகர்ந்தால் டார்கெட்டும் நகருமா?

2. இன்சென்டிவ் விளம்பரம் வெளிவந்ததும் கிடைக்குமா, பணம் வந்ததும் கிடைக்குமா? அது எழுத்தில் இருக்கிறதா?

3. கடன் கொடுக்கும் முடிவு யாருடையது? பணம் வராவிட்டால் யார் கணக்கில் எழுதுவார்கள்?

4. வேலையை விட்டுப் போன பிறகு வரும் பணத்துக்கு இன்சென்டிவ் உண்டா?

5. நான் சேரும் இடத்தில் முன்பு இருந்தவர் ஏன் போனார்?

கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் நேரான பதில் வராது. அந்தப் பழைய ஆளைத் தேடிப் பிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டால் தெரிந்து விடும். மும்பையில் இந்தத் தொழில் ஒரு சின்ன ஊர் மாதிரி, எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும். நம் சங்கத்திலேயே இந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் பலர் இருக்கிறார்கள். பிள்ளைகளை அவர்களிடம் அனுப்புங்கள். அரை மணி நேரம் பேசினால் போதும், பல வருஷத்து மனவருத்தம் மிச்சமாகும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதத்தின் கடைசி வாரத்தில் பிள்ளை முகம் சுண்டிப் போய் வந்தால், "என்னடா, எப்பப் பார்த்தாலும் போன்ல?" என்று கடிந்து கொள்ளாதீர்கள். விற்றதற்குப் பணம் வந்ததா என்று அக்கறையோடு ஒரு வார்த்தை கேளுங்கள். வராத பணம் தன் கணக்கில் ஏறியிருக்கிறது என்று அவன் சொன்னால், நியமனக் கடிதத்தை எடுத்து வைத்து அவனோடு உட்கார்ந்து நீங்களும் படியுங்கள்.